தென்னை மட்டை ஸ்லாஷர் கியர்பாக்ஸ்: ஸ்பைரல் பெவல் போடலாமா, நேர்பல்லே போதுமா?

பொள்ளாச்சி_பட்டறை எழுதியது:

வணக்கம். பொள்ளாச்சி பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். தென்னந்தோப்பில் விழுந்து கிடக்கிற மட்டை, பாளை, களை எல்லாவற்றையும் அடித்துத் தூளாக்குகிற ஸ்லாஷர் செய்து கொடுக்கிறோம். டிராக்டர் பின்னால் மாட்டுவது, வெட்டு அகலம் 1.5 மீட்டர். பி.டி.ஓ. (டிராக்டர் பின்னால் சக்தி எடுக்கிற ஷாஃப்ட்) 540 ஆர்.பி.எம்., அங்கே கிடைக்கிற பவர் சுமார் 35 ஹெச்.பி. கியர்பாக்ஸ் 1:1.93, வேகத்தைக் கூட்டுகிற மாதிரி. அதாவது உள்ளே வருகிற ஷாஃப்ட்டில் கிரவுன் வீல் (பெரிய கியர்), கத்தி தொங்குகிற செங்குத்து ஷாஃப்ட்டில் பினியன் (சின்ன கியர்). கத்தி ஏறக்குறைய 1040 ஆர்.பி.எம். சுற்றும்.

இதுவரை கியர்பாக்ஸை ரெடிமேடாக வாங்கித்தான் மாட்டினோம். உள்ளே இருப்பது நேர்பல் பெவல், அதாவது பல் நேராக வெட்டிய கூம்புக் கியர். இந்த சீசனில் இரண்டு பாக்ஸ் திரும்பி வந்துவிட்டது, இரண்டிலும் பினியனில் பல் ஒடிந்திருக்கிறது. ஒன்றில் இரண்டு பல், இன்னொன்றில் நான்கு பல் வரிசையாக அடியோடு போயிருக்கிறது. தோப்புக்காரர் பணம் கொடுத்து வாங்கிய வண்டி மூலையில் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதனால் கியர்பாக்ஸை நாமே செய்துவிடலாம், உள்ளே ஸ்பைரல் பெவல் (பல் சாய்ந்து வளைந்த கூம்புக் கியர்) போட்டுவிடலாம் என்று யோசிக்கிறேன். விசாரித்தால் செட் விலை நேர்பல்லைப் போல இரண்டு மடங்கு சொல்கிறார்கள்.

கேட்க நினைப்பது மூன்று. ஸ்பைரல் போட்டால் பல் ஒடிவது நிற்குமா? பழைய ஹவுசிங் (கியர்பாக்ஸ் கூடு) பேட்டர்ன் கையில் இருக்கிறது, அதே ஹவுசிங்கில், அதே பேரிங்கில் ஸ்பைரல் செட்டை இறக்கிவிடலாமா? அப்புறம், ஒருவர் பழைய ஜீப்பின் கிரவுன் பினியனைப் போடச் சொல்கிறார், மலிவாகக் கிடைக்கும் என்கிறார். அது சரிப்படுமா?


டிராயிங்_டேபிள் எழுதியது:

முதலில் ஒரு கணக்கு போட்டுவிடுவோம். 35 ஹெச்.பி. என்றால் 26 கிலோவாட். 9550-ஐ 26-ஆல் பெருக்கி 540-ஆல் வகுத்தால் உள்ளே வருகிற டார்க் சுமார் 460 நியூட்டன் மீட்டர். கத்தி ஷாஃப்ட்டில் அது 1.93-ஆல் குறைந்து 238. ஆனால் இது புல்லை மட்டும் வெட்டும்போது வருகிற டார்க். கத்தி போய் ஒரு தென்னங்கட்டையில் மோதினால், சுற்றிக்கொண்டிருக்கிற கத்தியின் பாரம் முழுக்க ஒரு நொடிகூட இல்லாத நேரத்தில் பல்லில் இறங்கும். அதனால் இந்த மாதிரி மிஷினுக்கு டார்க்கைக் குறைந்தது 2-ஆல் பெருக்கித்தான் பல்லின் பலத்தைப் பார்க்க வேண்டும்.

வேகத்தைப் பார்த்தால் நீங்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். பிட்ச் கோட்டு வேகம் (பல்லோடு பல் சேருகிற வட்டத்தின் வேகம்) நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினாலோ, 1000 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டினாலோ ஸ்பைரலுக்குப் போ என்பது பெவல் கியர்காரர்களின் பழைய வழக்கம். மாட்யூல் (பல்லின் அளவு) 6, பினியன் 14 பல், கிரவுன் 27 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். (14-க்கும் 27-க்கும் பொதுக் காரணி கிடையாது, ஒரே பல் ஒரே பல்லோடு திரும்பத் திரும்ப மோதாது, தேய்மானம் பரவும்.) பினியனின் வெளி பிட்ச் விட்டம் 84 மிமீ. 1040 ஆர்.பி.எம்.-இல் வேகம் நொடிக்கு 4.6 மீட்டர். ஆக நேர்பல் போட்டால் தப்பில்லை, ஸ்பைரல் போட்டாலும் தப்பில்லை. என் கருத்து, நல்ல மெட்டீரியலில் நேர்பல்லே போதும். வயலில் டிராக்டர் சத்தத்துக்கு நடுவே கியர் சத்தம் யார் காதிலும் விழாது.

ஜீப் கிரவுன் பினியனை விட்டுவிடுங்கள். அது ஹைப்பாய்ட். பினியனின் அச்சு கிரவுனின் அச்சைச் சந்திக்காமல் கொஞ்சம் விலகிப் போகும், உங்கள் ஹவுசிங்கில் உட்காரவே உட்காராது. ரேஷியோவும் 4-க்கு மேல் இருக்கும், திருப்பி ஓட்டினால் கத்தி 2000-ஐத் தாண்டும். 1.5 மீட்டர் விட்டத்தில் கத்தி நுனி இப்போதே நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் போகிறது. அதை இரண்டு மடங்காக்கினால் கத்தி பிய்த்துக்கொண்டு வரும், பக்கத்தில் ஆள் நிற்க முடியாது.


பல்வெட்டி எழுதியது:

கோவையில் இருபது வருஷத்துக்கு மேல் பெவல் வெட்டுகிற வேலை. மேலே நண்பர் போட்ட கணக்கெல்லாம் சரி, முடிவில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை.

நேர்பல்லில் ஒரு பல் விலகும்போது அடுத்த பல் முழு அகலத்துக்கும் ஒரே அடியாக வந்து உட்காரும். அடி வாங்குகிற மிஷினில் அந்த உட்காருகிற தருணம்தான் பல்லை ஒடிக்கிறது. ஸ்பைரலில் பல் 35 டிகிரி சாய்ந்து வளைந்திருப்பதால் ஒரு முனையில் தொட்டு மெல்ல மறு முனைக்குப் போகும், அதற்குள் அடுத்த பல் தொட ஆரம்பித்திருக்கும். எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட பல் பாரத்தைப் பிடித்திருக்கும். அதே சைஸ், அதே மெட்டீரியலில் ஸ்பைரல் கூடுதலாகத் தாங்குவது இதனால்தான். சத்தம் குறைவது உபரி லாபம்.

ஆனால் தம்பி, இரண்டாவது கேள்விக்கு என் பதில் கூடாது, கூடவே கூடாது. நேர்பல் பாக்ஸில் ஸ்பைரலை அப்படியே இறக்காதீர்கள். நேர்பல் பெவல் எந்தப் பக்கம் சுற்றினாலும் பினியனை வெளியேதான் தள்ளும், அதுவும் லேசாகத்தான். ஸ்பைரல் அப்படியில்லை. எந்தப் பக்கம் சுற்றுகிறது, பல் எந்தக் கை (வலப்பக்கம் சாய்ந்ததா, இடப்பக்கம் சாய்ந்ததா) என்பதைப் பொறுத்து வெளியே தள்ளும், இல்லையென்றால் உள்ளே இழுக்கும். இரண்டுமே பலமான தள்ளு. உள்ளே இழுக்கிற மாதிரி அமைந்து, பேரிங்கில் கொஞ்சம் ஆட்டமும் இருந்துவிட்டால், பினியன் கிரவுனுக்குள் போய் பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளி) செத்து, பல்லோடு பல் இறுகிக்கொள்ளும்.

மெட்டீரியல் கேட்டால், இங்கே சுலபமாகக் கிடைப்பதில் இ.என். 353 அல்லது 20 எம்.என்.சி.ஆர்.5 ஸ்டீல். கேஸ் ஹார்டனிங் (மேல்தோலை மட்டும் கெட்டியாக்குவது) செய்து மேல்தோல் கடினம் 58 முதல் 62 எச்.ஆர்.சி., மாட்யூல் 6-க்குக் கேஸ் ஆழம் 0.9 முதல் 1.2 மிமீ. இ.என். 8-இல் வெட்டி இண்டக்‌ஷன் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வந்த பினியனின் ஒடிந்த பல்லை வெட்டிக் கடினம் பார்த்தீர்களா? ஒடிந்த முகம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.


ரொட்டவேட்டர்_மெக்கானிக் எழுதியது:

பல்வெட்டி அண்ணன் சொன்னது என் பட்டறையிலேயே நடந்திருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஸ்லாஷர் வந்தது. ஒரு பட்டறையில் நேர்பல்லைக் கழற்றிவிட்டு, அதே ரேஷியோவில் ஸ்பைரல் செட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பினியனுக்கு இரண்டு பக்கமும் சாதாரண பால் பேரிங். மூன்றே வாரம் ஓடியிருக்கிறது. டிரெய்ன் பிளக்கைத் திறந்ததும் ஆயில் வெள்ளி ஜரிகை கலந்த மாதிரி மினுமினுவென்று இறங்கியது. கையில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. பிரித்தால் கீழ் பேரிங்கின் கேஜ் துண்டு துண்டாகக் கிடக்கிறது, பினியன் பல் உள் முனையில், அதாவது சின்ன விட்டத்துப் பக்கத்தில், கண்ணாடி போலத் தேய்ந்து நீலம் பாய்ந்திருக்கிறது, வெளி முனையில் மிஷின் கோடுகூட அழியவில்லை. அவ்வளவு பாரத்தையும் ஒரு விரல் அகலம்தான் தாங்கியிருக்கிறது. நல்ல செட், நல்ல ஹீட் ட்ரீட்மென்ட், காசு மொத்தமும் வீண்.

இன்னொன்று. தோப்பில் ஓட்டுகிற ஸ்லாஷரில் நான் பார்த்த கோளாறில் பாதிக்குமேல் பல்லில் ஆரம்பிப்பதே இல்லை, கீழ் ஆயில் சீலில்தான் ஆரம்பிக்கிறது. மட்டை நார், சொட்டுநீர் பைப், பழைய கயிறு எல்லாம் கத்தி ஷாஃப்ட்டில் சுற்றி, இறுகி, மெல்ல மெல்ல மேலே ஏறி சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆயில் சொட்டுச் சொட்டாகப் போவது புல்லுக்குள் யாருக்குத் தெரியும்? பாக்ஸ் காய்ந்து ஓடி, சூடாகிப் பல் போகும்போதுதான் வண்டி நம்மிடம் வரும். சீலுக்குக் கீழே ஷாஃப்ட்டோடு சுற்றுகிற மாதிரி ஒரு மூடித் தட்டு, அது ஹவுசிங்கில் ஒரு விளிம்புக்குள் நுழைந்து நிற்கிற மாதிரி செய்யுங்கள். நார் சீலைத் தொடாது.

பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் ஷியர் போல்ட் (பாரம் மிஞ்சினால் தானே அறுந்து கியரைக் காப்பாற்றுகிற போல்ட்) இருக்கிறதா? எந்த போல்ட் போடுகிறார்கள்? அதைச் சொல்லாமல் கியரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை.


பொள்ளாச்சி_பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி அண்ணா. இன்று காலை இரண்டு பாக்ஸையும் மறுபடி பிரித்துப் பார்த்தேன்.

இரண்டு பல் ஒடிந்தது: ஒடிந்த முகம் முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறம், சொரசொரப்பு, உடைத்த சர்க்கரைக் கட்டி போல. ஆயில் நன்றாக இருந்தது. தோப்புக்காரரிடம் போன் போட்டுக் கேட்டேன், ஷியர் போல்ட் அடிக்கடி அறுந்து வேலை நின்றதால் கடையில் ஹை டென்சில் போல்ட் வாங்கிப் போட்டிருக்கிறார்.

நான்கு பல் ஒடிந்தது: ஒடிந்த முகத்தில் அடிப்பக்கம் பாதிவரை வழவழப்பாக, கடற்கரை மணலில் அலை விட்டுப் போன கோடு மாதிரி வளைவு வளைவாக இருக்கிறது, மீதி சொரசொரப்பு. கீழ் சீலில் நார் ஒரு கைப்பிடி சுற்றியிருந்தது, மெக்கானிக் அண்ணா சொன்ன அதே மாதிரி. பாக்ஸில் ஆயில் கால் லிட்டர்கூட இல்லை.

கடினத்தையும் பார்த்தேன். பினியன் மேல்தோல் 52தான் காட்டுகிறது.


பல்வெட்டி எழுதியது:

முதலாவது ஒரே அடியில் ஒடிந்தது. அதில் கியர் மேல் குற்றமில்லை, ஷியர் போல்ட் செத்துக் கியரைக் காப்பாற்ற வேண்டும், இங்கே போல்ட் பிழைத்துக் கியர் செத்துவிட்டது. ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக, பாரம் மிஞ்சினால் வழுக்குகிற ஸ்லிப் கிளட்ச் கொடுங்கள், அறுந்து அறுந்து வேலை நிற்காது, ஆளும் வேறு போல்ட் தேடிப் போகமாட்டார். வருஷா வருஷம் சீசனுக்கு முன்னால் கிளட்ச்சைத் தளர்த்திக் கொஞ்சம் வழுக்கவிட்டு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தட்டு ஒட்டிக்கொண்டால் அதுவும் கெட்டி போல்ட்தான்.

இரண்டாவது சோர்வில் ஒடிந்தது. அலைக்கோடு என்றால் விரிசல் நாள் கணக்கில் மெல்ல வளர்ந்திருக்கிறது. 52 கடினமும் ஆயில் இல்லாததும் சேர்ந்து முடித்துவிட்டது. இங்கே ஸ்பைரலும் சரியான ஹீட் ட்ரீட்மென்ட்டும் நிச்சயம் உதவும். ஆனால் சீலைச் சரி செய்யாமல் ஸ்பைரல் போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும், இன்னும் கொஞ்சம் தாமதமாக.

செட் வாங்கும்போது கவனியுங்கள். ஸ்பைரல் கிரவுனும் பினியனும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் பிறகு ஜோடியாகச் சேர்த்து, அரைக்கிற மசாலா போட்டு ஒன்றோடொன்று தேய்த்து லேப்பிங் செய்தது. இரண்டிலும் ஒரே ஜோடி நம்பர் பொறித்திருக்கும், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மட்டும்தான். பினியன் மட்டும் போனால் பினியன் மட்டும் வாங்கிப் போடலாம் என்கிற வேலையே கிடையாது. அதோடு மவுண்டிங் டிஸ்டன்ஸும் பேக்லாஷும் எழுதியிருக்க வேண்டும். மவுண்டிங் டிஸ்டன்ஸ் என்பது இரண்டு அச்சும் சந்திக்கிற புள்ளியிலிருந்து கியரின் பின் முகம்வரை உள்ள தூரம். அது எழுதாத செட்டை வாங்காதீர்கள், எழுதியிருந்தும் பார்க்காமல் மாட்டாதீர்கள். நான் வெட்டிக் கொடுத்த செட்டில் சத்தம் வருகிறது என்று திரும்பி வருவதில் பெரும்பாலும் ஹவுசிங்கும் ஷிம்மும்தான் (இடைவெளி சரி செய்கிற மெல்லிய தகடு) காரணமாக இருந்திருக்கிறது. இரண்டு போரையும் (பேரிங் உட்காருகிற துளை) ஒரே தடவை கட்டி, கழற்றாமல், டேபிளை 90 டிகிரி திருப்பி அடிக்கிற மிஷினில் கொடுங்கள். கழற்றி மாட்டிப் போர் அடித்தால் அச்சுகள் சந்திக்காது, அப்புறம் எந்த ஷிம்மாலும் அதைச் சரி செய்ய முடியாது.

மாட்டியதும் கிரவுன் பல் நான்கைந்தில் ப்ளூ (தொடுகிற இடத்தைக் காட்டுகிற நீலச் சாயம்) தடவிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுமை இல்லாதபோது ப்ளூவில் பதிகிற அச்சு பல்லின் நடுவிலிருந்து கொஞ்சம் உள் முனைப் பக்கம் தள்ளி விழ வேண்டும். சுமை ஏறினால் ஷாஃப்ட் வளைந்து அது வெளி முனைக்கு நகரும், அதற்கு இடம் விட்டு வைக்கிறோம். அச்சு கிரவுன் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் ரொம்ப உள்ளே இருக்கிறது, நுனியில் விழுந்தால் வெளியே இருக்கிறது. பினியன் ஷிம்மால் அச்சை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு கிரவுன் ஷிம்மால் பேக்லாஷ் பிடியுங்கள். இந்த சைஸுக்கு 0.15 மிமீ சுற்றி வரும், செட்டில் வேறு எழுதியிருந்தால் அதுதான் வேதம்.


டிராயிங்_டேபிள் எழுதியது:

52 என்று பார்த்த பிறகு நேர்பல் போதும் என்று நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். எப்படியும் புது ஹவுசிங், புது செட் என்றால் ஸ்பைரலாகவே செய்துவிடுங்கள். அதற்குண்டான தள்ளுக் கணக்கைப் போட்டு வைக்கிறேன், பேரிங் எடுக்க உதவும்.

14/27, மாட்யூல் 6, முக அகலம் 27 மிமீ (கோன் தூரம் 91 மிமீ, அதில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது). பினியனின் சராசரி விட்டம் சுமார் 72 மிமீ, அதனால் 238 நியூட்டன் மீட்டருக்குப் பல்லின் மேல் தொடுகோட்டு விசை கிட்டத்தட்ட 6,600 நியூட்டன். அழுத்தக் கோணம் 20, ஸ்பைரல் கோணம் 35.

நேர்பல்லாக இருந்தால் பினியனை வெளியே தள்ளுவது இதில் 0.17 மடங்கு, கிரவுனை 0.32 மடங்கு. ஸ்பைரலில் சரியான கை என்றால் பினியனை வெளியே 0.83 மடங்கு, அதாவது சுமார் 5,500 நியூட்டன், ஏறக்குறைய 560 கிலோ எடை. கிரவுனுக்கு 0.07 மடங்குதான். தப்பான கை என்றால் பினியனை உள்ளே 0.42 மடங்கு இழுக்கும், கிரவுனை 0.72 மடங்கு வெளியே தள்ளும். நேர்பல் பாக்ஸின் பால் பேரிங் ஏன் மூன்று வாரத்தில் போனது என்பதற்கு இதுதான் கணக்கு. அடி விழும்போது இதையெல்லாம் இரண்டால் பெருக்குங்கள். இரண்டு ஷாஃப்ட்டுக்கும் டேப்பர் ரோலர் பேரிங் எதிரெதிராக, ப்ரீலோடோடு (ஆட்டம் இல்லாமல் முன்கூட்டியே இறுக்கி).

ஒரு விஷயம் பலர் மறந்துவிடுவார்கள். பி.டி.ஓ.-வை நிறுத்தியதும் டிராக்டர் பக்கம் நிற்கும், கத்தி பாரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்போது பினியன் கிரவுனை ஓட்டுகிறது, பல்லின் மறுபக்கம் பாரம் ஏறி, வெளியே தள்ளிக்கொண்டிருந்தது உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று இருந்தால் கத்தி தானாகச் சுற்றி ஓயும், இந்தத் திருப்பு பாரம் பல்லுக்கு வராது, டிராக்டரையும் முன்னால் தள்ளாது. ஸ்லிப் கிளட்ச்சோடு சேர்த்து இதையும் போட்டுவிடுங்கள்.


பொள்ளாச்சி_பட்டறை எழுதியது:

முடிவு செய்துவிட்டேன் அண்ணா. புது ஹவுசிங் பேட்டர்ன், டேப்பர் ரோலர், ஸ்லிப் கிளட்ச், ஓவர்ரன்னிங் கிளட்ச், கீழே நார் தடுக்கிற தட்டு. ஆயில் 90 நம்பர் இ.பி., லெவல் பார்க்க சைடில் ஒரு கண்ணாடி. முதல் இரண்டு பாக்ஸை ஏற்கெனவே கெட்டுப்போன இரண்டு தோப்புக்கும் இலவசமாக மாட்டிக் கொடுக்கப் போகிறேன்.

கை விஷயமும் பார்த்துவிட்டேன். பினியன் ஓட்டினால், முதுகுப் பக்கமிருந்து (பெரிய முனைப் பக்கம்) பார்க்க வலச்சுழற்சிக்கு இடது கை போட்டால் வெளியே தள்ளும் என்று படித்தேன். நமக்குக் கிரவுன் ஓட்டுகிறது, அதனால் தலைகீழ், வலச்சுழற்சிக்கு வலது கை. கிரவுனை டிராக்டருக்கு அப்பால், பின் பக்கம் வைத்திருக்கிறேன், கத்தி வலச்சுழற்சியாகத்தான் சுற்றுகிறது. அதனால் பினியன் வலது கை, கிரவுன் இடது கை என்று நேற்று ஆர்டர் கொடுத்துவிட்டேன்.


பல்வெட்டி எழுதியது:

தம்பி, உடனே போன் போட்டு நிறுத்துங்கள். விதியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், பார்த்த இடம்தான் தப்பு. கத்தி வலச்சுழற்சி என்று எங்கே நின்று பார்த்தீர்கள்? டிராக்டர் பக்கத்தில் நின்று மேலேயிருந்துதானே? உங்கள் பினியன் உள் ஷாஃப்ட்டுக்குக் கீழே இருக்கிறது, அதன் சின்ன முனை மேலே பார்க்கிறது, முதுகு கீழே, கத்தியைப் பார்த்து இருக்கிறது. முதுகுப் பக்கமிருந்து பார்ப்பது என்றால் தரையில் படுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். பி.டி.ஓ. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்க்க வலச்சுழற்சி, கிரவுன் பின் பக்கம், அப்படியானால் மேலேயிருந்து பார்க்கக் கத்தி வலச்சுழற்சிதான், கீழேயிருந்து பார்க்க அது இடச்சுழற்சி. ஓட்டப்படுகிற பினியனுக்கு இடச்சுழற்சி என்றால் இடது கை. பினியன் இடது, கிரவுன் வலது.

செட் வந்ததும் நீங்களே சரி பாருங்கள். பினியனின் சின்ன முனை உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள். பல் உள்ளேயிருந்து வெளியே போகப் போகக் கடிகார முள் போகிற பக்கம் சாய்ந்தால் வலது கை, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் இடது கை.


பொள்ளாச்சி_பட்டறை எழுதியது:

மேலேயிருந்துதான் அண்ணா பார்த்தேன். இப்போது பழைய பினியனைச் சாக்பீஸில் குறி போட்டு மேஜைக்கு அடியிலிருந்து பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான் சரி. போன் போட்டேன். பிளாங்க் மட்டும்தான் லேத்தில் கடைந்திருக்கிறார்களாம், பல் இன்னும் வெட்டவில்லை. பினியன் இடது கை என்று மாற்றி, ட்ராயிங்கில் கத்தி சுற்றுகிற பக்கத்தை மேலேயிருந்து ஒன்று, கீழேயிருந்து ஒன்று என இரண்டு அம்புக்குறி போட்டு அனுப்பிவிட்டேன். செட் வந்ததும் ப்ளூ அச்சைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.